வெட்டுவது முடிவு, சுருக்குவது கணக்கு

(மாவட்ட நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக இலக்கியம் பேசுவார்கள். இன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் போட்டோவை வெட்டுவது எப்படி, சின்னதாக்குவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு ஒரு கூட்டமா, ஐந்து நிமிட வீடியோ போதாதா என்று சிலர் நினைக்கலாம். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்ட ஐந்து நிமிடம் போதும்தான். எதற்காக அழுத்துகிறோம் என்பதை அந்த வீடியோ சொல்வதில்லை. அதனால்தான் கல்யாண குரூப் போட்டோவில் பின் வரிசைக்காரர்களின் தலை போகிறது, ஃபிளெக்ஸ் பேனரில் முகம் சப்பையாகிறது, தேர்வு விண்ணப்பத்தில் கையெழுத்து எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். படத்தின் அளவை மாற்றுவது, அதாவது ரீசைஸ் செய்வது, வெறும் கணக்கு. அதைக் கம்ப்யூட்டர் நம்மைவிட நன்றாகப் போடும். படத்தை வெட்டுவது, அதாவது கிராப் செய்வது, ஒரு முடிவு. எது உள்ளே இருக்க வேண்டும், எது வெளியே போக வேண்டும் என்று யாராவது ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். கணக்கை முடிவு என்று எண்ணி மலைப்பதும், முடிவைக் கணக்கு என்று எண்ணி மெஷினிடம் விடுவதும்தான் நாம் படும் பாட்டுக்கெல்லாம் காரணம்.

மூன்று அளவுகள்

உங்கள் செல்போனில் இருக்கும் ஒரு படத்தின் அளவு என்ன என்று கேட்டால், ஒருவர் "மூணு எம்.பி." என்பார். இன்னொருவர் "பன்னிரண்டு மெகாபிக்சல்" என்பார். ஸ்டூடியோக்காரரைக் கேட்டால் "ஆறுக்கு நாலு போடலாம் சார்" என்பார். மூவர் சொல்வதும் சரி. மூன்றும் வேறு வேறு அளவுகள். இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் அளவு பிக்சல். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு வண்ணம் அடித்துக்கொண்டே போய், பிறகு நோட்டைத் தள்ளி வைத்துப் பார்த்தால் கட்டங்கள் மறைந்து படம் தெரியும். அந்தக் கட்டம்தான் பிக்சல். 1957-ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் வேலை பார்த்த ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர், தன்னுடைய மூன்று மாதக் குழந்தை வால்டனின் போட்டோவை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். டிஜிட்டல் படங்களின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் படம் அகலத்தில் 176 பிக்சல், உயரத்தில் 176 பிக்சல். மொத்தம் 30,976 கட்டங்கள். இன்றைக்கு உங்கள் பாக்கெட்டில் இருக்கும் 12 மெகாபிக்சல் செல்போன் எடுப்பது 4000-க்கு 3000. பெருக்கினால் ஒரு கோடியே இருபது லட்சம் கட்டங்கள்.

இரண்டாவது அளவு கே.பி., எம்.பி. என்று நாம் சொல்லும் கோப்பின் எடை. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், எண்ணுக்கு ஒரு பைட். அந்தக் கணக்கில் நம் செல்போன் படம் 3 கோடியே 60 லட்சம் பைட், அதாவது 36 எம்.பி. இருக்க வேண்டும். ஆனால் போனில் பார்த்தால் மூன்று, நான்கு எம்.பி.தான் காட்டும். மீதி எங்கே போயிற்று? ஜேபெக் என்கிற முறை அதைத் தின்றுவிட்டது. 1992-ல் தரப்படுத்தப்பட்ட முறை அது. படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் நம் கண் கவனிக்காத நுணுக்கங்களைத் தூக்கிப் போட்டுவிடும். எவ்வளவு தூக்கிப் போடலாம் என்பதைத்தான் சேமிக்கும்போது குவாலிட்டி என்ற அளவுகோலில் நாம் சொல்கிறோம். ஆகவே பிக்சல் எண்ணிக்கை ஒன்றுகூட மாறாமல் கே.பி.யைக் குறைக்க முடியும். கே.பி. குறைந்ததால் படம் சிறியதாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

மூன்றாவது அளவு அங்குலம், சென்டிமீட்டர். இது காகிதத்தில்தான் உண்டு. கையில் வைத்துப் பார்க்கும் போட்டோவுக்கு ஓர் அங்குலத்தில் 300 பிக்சல் என்பது அச்சுத் தொழிலின் வழக்கமான கணக்கு. ஆறுக்கு நாலு போட்டோவுக்கு 1800-க்கு 1200 பிக்சல் இருந்தால் போதும். பாஸ்போர்ட் சைஸ், 35-க்கு 45 மில்லிமீட்டர், வெறும் 413-க்கு 531.

அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் டி.பி.ஐ. பற்றிப் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. "வெப்சைட்டுக்கு 72, பிரிண்டுக்கு 300" என்று மந்திரம் மாதிரி சொல்வார்கள். அந்த எண் கோப்புக்குள் எழுதி வைத்த ஒரு குறிப்பு மட்டுமே. இத்தனை பிக்சலை ஓர் அங்குலத்துக்குள் அச்சடி என்று பிரிண்டருக்குச் சொல்லும் குறிப்பு. திரையில் அதற்கு வேலையே இல்லை. போட்டோஷாப்பில் இமேஜ் சைஸ் பெட்டியைத் திறந்து, ரீசாம்பிள் என்ற டிக்கை எடுத்துவிட்டு, 72 என்று இருப்பதை 300 ஆக மாற்றிப் பாருங்கள். பிக்சல் ஒன்றுகூட மாறாது, அங்குலம் மட்டும் குறையும். டிக் இருக்கும்போது அதே எண்ணை மாற்றினால் படத்தில் இல்லாத பிக்சல்களை மென்பொருள் புதிதாக உருவாக்கும். ஒரு டிக், இரண்டு வேறு வேலைகள்.

போட்டோஷாப் 1990-ல் வந்தது, காசு கட்ட வேண்டும். கிம்ப் என்ற மென்பொருள், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. இலவசம். இன்றைக்கு நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் கிம்ப் போதும். இவற்றில் பலவற்றை விண்டோஸின் பெயிண்டிலேயே செய்யலாம்.

சுருக்கினால் போவது, நீட்டினால் வராதது

ஒரு படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் பிக்சல் எண்ணிக்கை பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. 4000-க்கு 3000, 2000-க்கு 1500 ஆனால் ஒரு கோடியே இருபது லட்சம் முப்பது லட்சமாகிறது. நான்கு கட்டங்கள் இருந்த இடத்தில் இப்போது ஒன்று. அந்த நான்கிலிருந்து ஒன்றை எப்படிக் கணக்கிடுவது என்பதைத்தான் இன்டர்போலேஷன் என்று மெனுவில் போட்டிருப்பார்கள். கிம்பில் நன், லீனியர், கியூபிக், நோஹாலோ, லோஹாலோ என்று ஒரு பட்டியல் வரும். நன் என்பது நான்கில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் எறிந்துவிடும். பட்டுப் புடவையின் சரிகைக் கட்டம், ஜன்னல் கிராதி, துணிக்கடை போர்டின் சன்ன எழுத்து எல்லாம் அப்போது துண்டு துண்டாகத் தெரியும். மற்ற முறைகள் அக்கம்பக்கத்துப் பிக்சல்களையும் சேர்த்துக் கணக்கிடும். போட்டோவுக்கு கியூபிக்கை வைத்துக்கொள்ளுங்கள், தவறாது.

நீட்டும்போதுதான் விபரீதம். 200-க்கு 230 பிக்சல் படம் ஒன்றைப் பத்து மடங்கு நீட்டி 2000-க்கு 2300 ஆக்கினால், 46,000 பிக்சல் 46 லட்சமாகும். அதாவது நூறு பிக்சலில் ஒன்றுதான் உண்மையானது, 99 மென்பொருளின் ஊகம். இப்போது செயற்கை நுண்ணறிவு வைத்துப் பெரிதாக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. அவை ஊகத்தைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்கின்றன. மங்கலான கண்ணுக்கு இமை முடி வரைந்து தருகின்றன. அந்த இமை முடி உங்கள் தாத்தாவுடையதல்ல. சுவரில் மாட்டும் படத்துக்குச் சரி என்று விட்டுவிடலாம். ஆவணமாகக் கொடுக்கும் படத்துக்கு அந்தக் கருவி வேண்டாம்.

அப்படியானால் ஃபிளெக்ஸ் பேனருக்கு எவ்வளவு பெரிய படம் வேண்டும்? பலர் பயந்துபோய் ஸ்டூடியோ கேமராவைத் தேடுகிறார்கள். பேனரை யாரும் கையில் வைத்துப் பார்ப்பதில்லை. பத்தடி தள்ளி நின்று பார்க்கும் சராசரிக் கண்ணுக்கு ஓர் அங்குலத்தில் சுமார் 30 புள்ளிகளுக்கு மேல் பிரித்துப் பார்க்க முடியாது. பத்தடிக்கு எட்டடி பேனர் என்றால் 120 அங்குலம், 96 அங்குலம். முப்பதால் பெருக்குங்கள்: 3600-க்கு 2880. உங்கள் 12 மெகாபிக்சல் செல்போன் படத்துக்குள் அடங்கிவிடுகிறது. பேனரில் முகம் உடைந்து தெரிவதற்குப் பெரும்பாலும் கேமரா காரணமில்லை. அந்தப் படம் வாட்ஸ்அப்பில் பல கை மாறி வந்திருக்கும். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, ஜேபெக்கை இன்னொரு முறை அழுத்தித்தான் அனுப்பும். அச்சுக்குப் போகும் படத்தை டாக்குமென்டாக அனுப்புங்கள், அப்படியே போய்ச் சேரும்.

வெட்டும் சட்டம்

இனி கிராப். இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அகல உயர விகிதம். பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படம் 36-க்கு 24 மில்லிமீட்டர், அதாவது மூன்றுக்கு இரண்டு. ஆறுக்கு நாலு போட்டோவும் அதே விகிதம். அதனால் ஃபிலிம் காலத்தில் எடுத்த படம் எடுத்தபடியே பிரிண்டில் வந்தது. செல்போன் படம் நான்குக்கு மூன்று. அதை ஆறுக்கு நாலு காகிதத்தில் ஓரம்வரை நிரப்பிப் போட வேண்டுமென்றால் 4000-க்கு 3000-ல் 4000-க்கு 2667 மட்டுமே உள்ளே வரும். உயரத்தில் 333 வரிசைகள், ஒன்பதில் ஒரு பங்கு, வெளியே போயாக வேண்டும். போட்டோ லேபில் மெஷின் மேலும் கீழும் சமமாக வெட்டும். கல்யாண குரூப் போட்டோவில் பின் வரிசை தலை இழப்பதும், உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் பாதம் போவதும் இப்படித்தான். மெஷினுக்கு யார் பெரிய மாமா, யார் சின்ன மாமா என்று தெரியாது. நீங்களே மூன்றுக்கு இரண்டு என்று வெட்டிக் கொடுத்தால் மெஷினுக்கு வேலை இருக்காது. எடுக்கும்போதே சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுத்தால் உங்களுக்கும் வேலை சுலபம்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை செய்து பார்ப்போம். வங்கிப் பணித் தேர்வுகளை நடத்தும் ஐ.பி.பி.எஸ். அறிவிப்புகளில் விண்ணப்பதாரரின் போட்டோ 4.5-க்கு 3.5 சென்டிமீட்டர், பிக்சலில் 200-க்கு 230 இருப்பது நல்லது, கோப்பு 20 முதல் 50 கே.பி. என்று போட்டிருப்பார்கள். கையெழுத்துக்கு 140-க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கே.பி. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நாம் முன்னே பிரித்த மூன்று அளவுகளும் ஒரே வரியில் வந்துவிட்டன, கவனித்தீர்களா?

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 3.5-க்கு 4.5 என்ற விகிதத்தில் அகலம் 200 என்றால் உயரம் 257 வர வேண்டும். அவர்கள் கேட்பது 230. இரண்டு விகிதமும் ஒன்றல்ல. ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் போட்டோவை ஸ்கேன் செய்து, அகலத்தையும் உயரத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கும் சின்னச் சங்கிலிப் படத்தை அவிழ்த்துவிட்டு, 200, 230 என்று அடித்து ஓகே கொடுத்தால் முகம் பத்தில் ஒரு பங்கு அமுங்கிவிடும். விண்ணப்பம் போய்ச் சேரும், ஆள்தான் வேறு மாதிரி இருப்பார். அந்தச் சங்கிலியை அவிழ்க்கத் தோன்றினாலே நாம் கிராப் செய்ய மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

சரியான வழி இது. கிம்பில் படத்தைத் திறந்து ஷிஃப்ட்டும் சி-யும் சேர்த்து அழுத்துங்கள், கிராப் கருவி வரும். அதன் அமைப்புகளில் ஃபிக்ஸ்ட் என்ற இடத்தில் டிக் செய்து, ஆஸ்பெக்ட் ரேஷியோ என்பதைத் தேர்ந்து, 200:230 என்று அடியுங்கள். இப்போது நீங்கள் எப்படி இழுத்தாலும் சட்டம் அந்த விகிதத்திலேயே நிற்கும். முகமும் தோளும் உள்ளே வரும்படி, தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு சட்டத்தை வையுங்கள். உதாரணத்துக்கு 1400-க்கு 1610 வந்தது என்று வைத்துக்கொள்வோம். என்டர் அழுத்தினால் வெட்டியாயிற்று. அடுத்து இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ். அகலத்தில் 200 என்று மட்டும் அடியுங்கள், சங்கிலி பூட்டியே இருக்கட்டும். உயரம் தானாகவே 230 என்று வந்து நிற்கும். முடிவை நீங்கள் எடுத்துவிட்டீர்கள், கணக்கை அது போட்டுவிட்டது.

பிறகு ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட். கோப்பின் பெயரை ஜேபெக்காகக் கொடுத்ததும் குவாலிட்டி அளவுகோல் வரும். அதன் அருகில் முன்னோட்டம் காட்டும் பெட்டியை டிக் செய்தால், அளவுகோலை நகர்த்த நகர்த்தக் கோப்பின் எடை கூடுவதும் குறைவதும் தெரியும். 50-ஐத் தாண்டினால் குறையுங்கள். இவ்வளவு சின்னப் படத்துக்கு எடை 20-க்குக் கீழே இறங்கிவிடுவதும் உண்டு. அப்போது குவாலிட்டியைக் கூட்டுங்கள். பிக்சலை மாற்றாதீர்கள்.

கையெழுத்துக்கும் இதே வரிசைதான். அங்கே வெட்டுவது இன்னும் முக்கியம். ஏ4 தாளின் நடுவில் கையெழுத்துப் போட்டு, முழுத் தாளையும் படம் பிடித்து, 140-க்கு 60 ஆக்கினால், அதில் பெரும்பாலான பிக்சல் வெறும் வெள்ளைக் காகிதத்துக்கே போய்விடும். கையெழுத்தின் ஓரம்வரை, ஏழுக்கு மூன்று என்ற விகிதத்தில் வெட்டிவிட்டுப் பிறகு சுருக்குங்கள். ஒரே படம், ஒரே 140 பிக்சல், ஆனால் அவ்வளவும் கையெழுத்துக்கே கிடைக்கும். எப்போதும் முதலில் வெட்டு, பிறகு சுருக்கு. மாற்றிச் செய்தால், சுருங்கி மிச்சமான கொஞ்சப் பிக்சலிலும் பாதியை வெட்டி எறிய வேண்டியிருக்கும்.

எது உள்ளே, எது வெளியே

விண்ணப்பப் படத்தில் முடிவு சுலபம், முகம் உள்ளே இருக்க வேண்டும். மற்ற படங்களில் அப்படியில்லை.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் பத்திரிகை அலுவலகங்களில் ட வடிவத்தில் வெட்டிய இரண்டு அட்டைகள் வைத்திருப்பார்கள். ஒன்றை நேராகவும் இன்னொன்றைத் தலைகீழாகவும் போட்டோ மேல் வைத்தால் நடுவில் ஒரு சட்டம் கிடைக்கும். அட்டைகளை நகர்த்தி நகர்த்தி, எங்கே வெட்டினால் படம் பேசும் என்று பார்த்துவிட்டு, மெழுகுப் பென்சிலால் குறித்து அச்சுக்கு அனுப்புவார்கள். இன்றைய கிராப் கருவியில் ஓரங்கள் இருளாகி நடுவில் தெளிவாகத் தெரியும் சட்டம் அந்த அட்டைகளின் வேலையைத்தான் செய்கிறது.

அப்படி வெட்டியதால் உலகப் புகழ் பெற்ற படம் ஒன்றை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். நம் ஊர் டி-ஷர்ட்டிலும் ஆட்டோ முதுகிலும்கூட அது இருக்கிறது. 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் ஓர் இரங்கல் கூட்டத்தில் ஆல்பெர்ட்டோ கோர்டா எடுத்த சே குவேராவின் படம். கோர்டா எடுத்தது அகலவாட்டான படம். ஒரு பக்கம் இன்னொருவரின் பக்கவாட்டு முகம், மறுபக்கம் பனை ஓலை. இரண்டையும் வெட்டி நீக்கியபோது இடமும் நேரமும் அவற்றோடு போய்விட்டன. தொப்பியும் பார்வையும் மட்டும் நின்றன. ஒரு கூட்டத்தின் செய்திப் படமாக இருந்தது யாரும் எங்கும் எடுத்துப் போகக்கூடிய சின்னமாயிற்று. 

இதே கத்தி இன்னொரு பக்கமும் வெட்டும். 2020 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் காலநிலை ஆர்வலர்களான ஐந்து இளம் பெண்கள் வரிசையாக நின்று போட்டோவுக்குக் காட்சி கொடுத்தார்கள். ஸ்வீடனின் கிரேட்டா துன்பெர்க் அவர்களில் ஒருவர். இடது ஓரத்தில் நின்றவர் உகாண்டாவின் வனெசா நகாட்டே, அந்த ஐவரில் ஒரே கறுப்பினப் பெண். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அனுப்பிய படத்தில் நால்வர்தான் இருந்தார்கள். பின்னால் தெரிந்த ஒரு கட்டடம் பார்வைக்கு இடைஞ்சலாக இருந்ததால் வெட்டியதாக விளக்கம் வந்தது. அமைப்பு அழகு என்ற கணக்கில் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் வெட்டுப்பட்டது கட்டடம் மட்டுமல்ல. நகாட்டே வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, முழுப் படத்தை வெளியிட்டது. பள்ளி ஆண்டு விழாப் படத்தையோ, சங்கக் கூட்டத்தின் படத்தையோ வெட்டும்போது, ஓரத்தில் நிற்பவர் யார் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வெட்டுங்கள். ஓரத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஓரத்திலேயே வைக்கப்பட்டவர்கள்தான்.

வெட்டவே மனசில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1982 பிப்ரவரி நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டையில் எகிப்தின் கீசா பிரமிடுகள். எடுத்த படம் அகலவாட்டு, இதழின் அட்டையோ நெட்டுவாட்டு. வெட்டினால் ஒரு பிரமிடின் பகுதி போகும். வெட்டாமல், அந்தக் காலத்து டிஜிட்டல் கருவியை வைத்துப் பிரமிடுகளையே நெருக்கி வைத்துவிட்டார்கள். வெட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நகர்த்தியதற்காக இன்றுவரை அந்த அட்டை இதழியல் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. சங்கிலியை அவிழ்த்து முகத்தை அமுக்கும் நாமும் சின்ன அளவில் அதைத்தான் செய்கிறோம்.

அன்றாடப் படங்களுக்குச் சில வழக்கங்கள் கைகொடுக்கும். ஆளை வெட்ட வேண்டி வந்தால் மூட்டில் வெட்டாதீர்கள். மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் வெட்டினால் உறுப்பு இல்லாததுபோல் தோன்றும். தொடையின் நடுவிலோ இடுப்புக்குச் சற்று மேலோ வெட்டினால் உறுத்தாது. ஒருவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் இடம் விடுங்கள். கடலோ வயலோ சாய்ந்திருந்தால் முதலில் நிமிர்த்திவிட்டுப் பிறகு வெட்டுங்கள், ஏனென்றால் நிமிர்த்தும்போதே மூலைகள் கொஞ்சம் போகும்.

வெட்டியது போய்விட்டதா?

படத்தில் வெட்டிய பகுதி நிஜமாகவே போய்விட்டதா என்பதைப் புதிதாகக் கற்பவர்கள் கேட்பதே இல்லை. அவசியம் கேட்க வேண்டும்.

கிம்பிலும் போட்டோஷாப்பிலும் டிலீட் கிராப்டு பிக்சல்ஸ் என்று ஒரு டிக் இருக்கிறது. அது இல்லாவிட்டால் வெட்டிய பகுதி மறைந்திருக்கும், அழிந்திருக்காது. மனம் மாறினால் சட்டத்தைத் திரும்ப விரிக்கலாம் என்பதால் வேலை நடக்கும்போது அது வசதிதான். வேர்டு கோப்பில் படத்தை வைத்து அங்கேயே கிராப் செய்தாலும் அப்படித்தான். கோப்பை வாங்குகிறவர் கிராப்பை விரித்து முழுப் படத்தையும் பார்த்துவிட முடியும். கம்ப்ரஸ் பிக்சர்ஸ் என்ற இடத்தில் போய், வெட்டிய பகுதியை நீக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

2023 மார்ச்சில் சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கானன் என்ற இருவர் இதைவிட மோசமான ஒன்றை வெளிக்கொண்டு வந்தார்கள். கூகுள் பிக்சல் போன்களில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டும் வசதி, வெட்டிய சின்னப் படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதியது. பழைய கோப்பு நீளம், புதியது குட்டை. எழுதி முடித்த பிறகு மிச்சமிருந்த பழைய வாலை நறுக்கவில்லை. பார்வைக்கு வெட்டிய படம்தான் தெரியும். ஆனால் அந்த வாலிலிருந்து வெட்டப்பட்ட பகுதியில் பெரும்பங்கை மீட்டுவிடலாம். விண்டோஸ் 11-ன் ஸ்னிப்பிங் டூலிலும் இதே குறை இருந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். சரிசெய்வதற்கு முன் அனுப்பிய படங்கள் அனுப்பியபடியே எங்கெங்கோ இருக்கின்றன.

வங்கிக் கணக்கு ஸ்கிரீன்ஷாட்டிலும் ஆதார் அட்டைப் படத்திலும் வேண்டாத பகுதியை வெட்டி குரூப்பில் போடும் நமக்கு இது வேறு நாட்டுக் கதை அல்ல. வெட்டிய படத்தைப் புதுப் பெயரில், புதிய ஜேபெக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து அதை மட்டும் அனுப்புங்கள். எண்ணை மறைக்க ஹைலைட்டர் போன்ற ஒளி ஊடுருவும் வண்ணத்தைப் பூசாதீர்கள், அழுத்தமான கறுப்புக் கட்டத்தை வையுங்கள். படம் எடுத்த இடத்தின் விவரம் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கலாம், கிராப் செய்தால் அது போகாது. எக்ஸ்போர்ட் செய்யும்போது எக்ஸிஃப் எனப்படும் இந்த விவரங்களைச் சேர்க்காதே என்று டிக்கை எடுத்துவிடலாம்.

இதற்கு நேர் எதிரான எச்சரிக்கை மூலப் படத்தைப் பற்றியது. அது அழியக் கூடாது. ஜேபெக் ஒவ்வொரு முறை திறந்து மாற்றிச் சேமிக்கும்போதும் கொஞ்சம் நுணுக்கத்தை இழக்கும். ஆகவே செல்போனிலிருந்து வந்த கோப்பை ஒரு ஃபோல்டரில் போட்டு அதைத் தொடாதீர்கள். நகல் எடுத்து வேலை செய்யுங்கள். வேலையை கிம்பின் எக்ஸ்.சி.எஃப். வடிவத்தில் சேமித்தால் எத்தனை முறை திறந்தாலும் தரம் குறையாது. பத்திரிகைக்கு ஒன்று, விண்ணப்பத்துக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று என்று ஒவ்வொரு தேவைக்கும் தனியாக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளலாம்.

மெஷினிடம் விடலாமா?

"இதெல்லாம் இனி ஏஐ பார்த்துக்கொள்ளும்" என்று பின் வரிசையில் ஒரு தம்பி சொன்னது காதில் விழுந்தது. தம்பி, அதையும் ஒரு நிறுவனம் செய்து பார்த்தது. ட்விட்டர் நிறுவனம் 2018 முதல் படங்களைத் தானாகவே வெட்டும் முறையை வைத்திருந்தது. மனிதக் கண் படத்தில் எங்கே முதலில் போகும் என்று ஊகித்து, அந்த இடத்தை வைத்துக்கொண்டு மீதியை மறைக்கும். 2020-ல் பயனர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கறுப்பினத்தவர், வெள்ளையர் இருவர் முகமும் உள்ள நீளமான படத்தில் அது வெள்ளையரின் முகத்தையே அடிக்கடித் தேர்ந்தது. நிறுவனம் தானே ஆய்வு செய்து 2021 மே மாதம் முடிவுகளை வெளியிட்டது. சாய்வு இருப்பதை ஒப்புக்கொண்டது. கைபேசியில் வழக்கமான விகிதத்தில் உள்ள படங்களை வெட்டாமல் முழுதாகக் காட்டத் தொடங்கியது. படத்தை எப்படி வெட்டுவது என்ற முடிவை மனிதர்களிடம் விடுவதே நல்லது என்ற இடத்துக்கு, அத்தனை பெரிய நிறுவனம் அத்தனை கணக்குப் போட்டு வந்து சேர்ந்தது.

ஆகவே ரீசைஸ் மெனுவைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். விகிதத்தைப் பூட்டி வைத்து ஓர் எண்ணைக் கொடுத்தால் அது தன் வேலையைச் செய்யும். உங்கள் நேரத்தைக் கிராப் சட்டத்துக்குக் கொடுங்கள். பிரவுசிங் சென்டரில் வேலையைக் கொடுத்தாலும், லேபில் பிரிண்ட் போடக் கொடுத்தாலும், "நீங்களே பார்த்துப் பண்ணிடுங்க" என்று சொல்லாதீர்கள். திரையைத் திருப்பச் சொல்லி, சட்டம் எங்கே நிற்க வேண்டும், யார் உள்ளே இருக்க வேண்டும் என்று நீங்கள் காட்டுங்கள். எத்தனை பிக்சல், எத்தனை கே.பி. என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

கம்ப்யூட்டர் இங்கே தயாராக இருக்கிறது. உங்கள் செல்போனில் ஆளுக்கு ஒரு குரூப் போட்டோவை எடுத்து வையுங்கள். அதை ஆறுக்கு நாலுக்கு வெட்டிக்கொண்டே கேள்விகளுக்கு வருவோம்.